ஆட்குறைப்பு வதந்தி கிளம்பினால் முதலில் போட வேண்டிய கணக்கு



கொஞ்ச நாளா நம்ம சேனல் கமெண்ட்லயும், சிங்கப்பெருமாள் கோயில்ல இருக்கிற என் ஆபீஸுக்கு நேர்ல வர்றவங்ககிட்டயும் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருது. "சார், எங்க கம்பெனில ஆளைக் குறைக்கப் போறாங்களாம். உண்மையா இருக்குமா? அவங்க அனுப்புறதுக்கு முன்னாடி நானே பேப்பர் போட்டுடலாமா?"

நம்ம ஏரியாவைப் பொறுத்தவரை இது சாதாரண கேள்வி இல்லை. ஒரு பக்கம் மறைமலை நகர் தொழிற்சாலைகள், இன்னொரு பக்கம் பரனூர் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி, ரயில்வே கேட் தாண்டி உள்ளே போனா ஒரகடம், அந்தப் பக்கம் ஓஎம்ஆர் சிறுசேரி. இங்கே வாடகை, பெட்ரோல், ஸ்கூல் பீஸ், சீட்டு எல்லாமே ஒண்ணாம் தேதி சம்பளத்தை நம்பித்தான் ஓடுது. கம்பெனி பஸ்ல ஒருத்தர் கிளப்பி விடுற பேச்சு, ராத்திரிக்குள்ள நாலு வாட்ஸ்அப் குரூப் சுத்தி வீட்டுக்கே வந்துடுது.

வதந்தி உண்மையா பொய்யான்னு உங்களாலயும் கண்டுபிடிக்க முடியாது, என்னாலயும் முடியாது. ஆனா வேலை போனா நீங்க எத்தனை மாசம் தாங்குவீங்க என்பதை அரை மணி நேரத்தில் கண்டுபிடிச்சிடலாம். இந்தப் பதிவு அந்தக் கணக்கைப் பத்தினது. கூடவே, பயத்துல எடுக்கக் கூடாத முடிவுகள் எதுன்னும் பார்க்கலாம்.

வதந்தி எப்படியெல்லாம் முடியும்? நடந்த மூணு கதைகள்

முதல் கதை, வதந்தி ஊதிப் பெரிதானது. 2014 டிசம்பர்ல டிசிஎஸ் நிறுவனம் 25,000 பேரை வெளியே அனுப்பப் போகுதுன்னு சமூக ஊடகங்கள்ல செய்தி பரவியது. நிறுவனம் மறுத்தது. 2015 ஜனவரியில், அந்த நிதியாண்டின் முதல் 9 மாதங்களில் தாங்களாக வெளியேற்றியவர்கள் 2,574 பேர் என்று கணக்குச் சொன்னது. பேச்சு 25,000, நிறுவனம் சொன்ன எண் அதில் பத்தில் ஒரு பங்கு. ஆனா ஒண்ணு, அந்த 2,574 பேர்ல ஒருத்தரா இருந்தவருக்கு அது நூறு சதவீதம் உண்மை.

இரண்டாவது கதை, செய்தி நிஜமானது. 2025 ஜூலையில் அதே டிசிஎஸ், தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000-க்கும் மேற்பட்டவர்களைக் குறைக்கப் போவதாக அதிகாரபூர்வமாகவே அறிவித்தது. நடுநிலை, மேல்நிலைப் பொறுப்பில் இருப்பவர்களுக்குத்தான் பாதிப்பு அதிகம் என்றும் சொன்னது. "எனக்கு பத்து வருஷ அனுபவம், என்னை ஏன் தொடப் போறாங்க" என்கிற நம்பிக்கை அன்னைக்கு ஆட்டம் கண்டது.

மூணாவது கதை நம்ம கண் முன்னாடி நடந்தது. மறைமலை நகர் ஃபோர்டு. 2019 அக்டோபர்ல மஹிந்திராவோட கூட்டு நிறுவனம் ஆரம்பிக்கப் போறதா அறிவிச்சாங்க. 2020 டிசம்பர் கடைசியில் அது கைவிடப்பட்டது. அப்புறம் என்ன ஆகுமோங்கிற பேச்சு மாசக்கணக்கா ஓடுச்சு. 2021 செப்டம்பர் 9-ல், இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. குஜராத் சானந்த், மறைமலை நகர் இரண்டிலும் சேர்த்து சுமார் 4,000 பேருக்குப் பாதிப்பு என்று நிறுவனமே சொன்னது.

அந்த ஆலை அடுத்த நாளே பூட்டப்படலை. மறைமலை நகரில் கடைசி கார் வெளியே வந்தது 2022 ஜூலையில், அறிவிப்பு வந்து பத்து மாசம் கழிச்சு. அதுக்குள்ள வேலைநிறுத்தம், பேச்சுவார்த்தை எல்லாம் நடந்தது. தொழிற்தகராறு சட்டம் சொன்ன குறைந்தபட்ச இழப்பீடு, முடித்த ஒவ்வொரு வருட சேவைக்கும் 15 நாள் சராசரி ஊதியம். ஃபோர்டு 2022 ஜூன் வாக்கில் முன்வைத்தது சுமார் 115 நாள் மொத்தச் சம்பளம். தொழிலாளர்கள் அதையும் ஏற்காமல் பேசினார்கள். செப்டம்பர் வரை நீண்ட பேச்சில் தொகை இன்னும் உயர்ந்தது.

இன்னொரு விஷயம். ஆலை மூடப்பட்டபோதும் அதே ஃபோர்டின் மென்பொருள், பொறியியல், நிதிச் சேவை அலுவலகம் சென்னையில் தொடர்ந்தது, வளரவும் செய்தது. "கம்பெனி போச்சு" என்பதும் "என் வேலை போச்சு" என்பதும் வேற வேற. 2025 அக்டோபரில், மறைமலை நகர் ஆலையில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் இன்ஜின் தயாரிக்க ஃபோர்டு தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. நல்ல செய்திதான். ஆனா உற்பத்தி 2029-ல். 2022-ல் வேலை இழந்தவர் ஏழு வருஷம் காத்திருந்து இஎம்ஐ கட்ட முடியாது இல்லையா?

ஒரே மாதிரி பேச்சு, மூணு வேற வேற முடிவு. அதனால "நடக்குமா நடக்காதா"ன்னு யோசிச்சு தூக்கத்தைக் கெடுத்துக்காம, நடந்தா நம்ம கணக்கு எங்கே நிக்கும்னு பார்ப்போம்.

தாங்கும் மாதங்கள்: உங்க ஒரே முக்கியமான எண்

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். 29 வயசு, ஒரே நிறுவனத்தில் 6 வருஷ சர்வீஸ். மொத்தச் சம்பளம் மாசம் 65,000. அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 31,200. கைக்கு வருவது 58,000.

மாதச் செலவு இப்படி இருக்குன்னு வச்சுக்குவோம்:

- வீட்டு வாடகை – 11,000
- மளிகை, காய்கறி, கேஸ் – 9,000
- பெட்ரோல், ரயில் பாஸ் – 3,000
- கடன் இஎம்ஐ – 9,500
- ஊரில் அப்பா அம்மாவுக்கு – 6,000
- கரண்ட், போன் – 2,000
- இன்சூரன்ஸ் – 2,500
- ஹோட்டல், துணிமணி, ஓடிடி, இதர – 9,000
- எஸ்ஐபி – 5,000

மொத்தம் 57,000. மிச்சம் 1,000.

இப்போ வேலை இல்லைன்னா எதை நிறுத்த முடியும்? எஸ்ஐபி 5,000 நிறுத்தலாம். இதரச் செலவு 9,000-த்தை 2,000-க்குக் கொண்டு வரலாம். வாடகை, இஎம்ஐ, அப்பா அம்மா, இன்சூரன்ஸ் இதுல கை வைக்க முடியாது. ஆக, சிக்கனமா ஓட்டினாலும் மாசம் 45,000 வேணும். இதுதான் உங்க உண்மையான செலவு.

அடுத்து, கையில என்ன இருக்கு? சேமிப்புக் கணக்கில் 40,000, வைப்பு நிதி 1,00,000, லிக்விட் ஃபண்ட் 40,000. மொத்தம் 1,80,000. இதை 45,000-ல வகுத்தா 4 மாசம்.

இதுல பி.எஃப்., நகை, ஊர்ல இருக்கிற நிலம் எதையும் சேர்க்காதீங்க. நாளைக்கே பணமா மாத்தக் கூடியது மட்டும்தான் கணக்கு. சீட்டு போட்டிருந்தா கவனம். இன்னும் எடுக்காத சீட்டு சேமிப்பு மாதிரி தெரியும், ஆனா நீங்க நினைச்ச மாசம் கைக்கு வரும்னு உறுதி இல்லை. ஏற்கெனவே எடுத்துட்ட சீட்டுன்னா அது கடன். மாதத் தவணையை இஎம்ஐ வரிசையிலே எழுதுங்க.

இப்போ கம்பெனியில இருந்து சட்டப்படி வர வேண்டியதைச் சேர்ப்போம். பணிக்கொடை: 31,200 ÷ 26 × 15 = 18,000. ஆறு வருஷத்துக்கு 1,08,000. எடுக்காத ஈட்டிய விடுப்பு 20 நாள் இருந்து, நிறுவன விதிப்படி காசாக்க முடியும்னா 20,800. மொத்தம் 3,08,800. 45,000-ல வகுத்தா 7 மாசத்துக்குக் கொஞ்சம் கம்மி.

ராத்திரி எல்லாம் கண்ணை மூட விடாம இருந்த பயத்துக்கு இப்போ ஒரு அளவு கிடைச்சிடுச்சு. "வேலை போனா தெருவுக்கு வந்துடுவேன்" இல்லை. "வேலை போனா 4 மாசம் என் கைக்காசு, அதுக்கு மேல ஏறக்குறைய 3 மாசம் கம்பெனிப் பணம்." உங்க எண் 4 இல்லாம 1-னு வந்தாலும் பரவாயில்லை, இன்னைக்கே தெரிஞ்சுக்கிட்டது நல்லதுதான்.

வதந்தி ஓடுற காலத்திலும் சம்பளம் வந்துக்கிட்டுதான் இருக்கு. இதே நபர் எஸ்ஐபியைத் தற்காலிகமா நிறுத்தி (5,000), இதரச் செலவையும் இப்பவே குறைச்சு (7,000), மிச்சம் 1,000-த்தையும் சேர்த்தா மாசம் 13,000 ஒதுங்கும். நாலு மாசத்தில் 52,000. அதாவது ஒரு மாசத்துக்கும் மேல தாங்கும் காலம் கூடிடுச்சு. எண் 6-ஐத் தொட்டதும் எஸ்ஐபியைத் திரும்ப ஆரம்பிங்க.

பயத்துல செய்யக் கூடாத அஞ்சு விஷயங்கள்

1. கையில வேற வேலை இல்லாம பேப்பர் போடாதீங்க. "அனுப்பப்பட்டவன்னு பேரு வேண்டாம், நானே போயிடுறேன்"னு நிறைய பேர் நினைக்கிறாங்க. கௌரவம் புரியுது. ஆனா தானா ராஜினாமா செஞ்சா ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. கடனோட சேர்த்து வாங்கின வேலையிழப்புக் காப்பீடும் ராஜினாமாவுக்குப் பொதுவா பணம் தராது. நோட்டீஸ் காலம் முழுசும் வேலை செய்யலைன்னா நீங்கதான் கம்பெனிக்குப் பணம் கட்டணும்.

பணிக்கொடையையும் பாருங்க. நிரந்தர ஊழியருக்கு 5 வருஷம் தேவை. ஆனா 4 வருஷம் முடிச்சு, ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை செஞ்சிருந்தாலே போதும்னு மெட்ராஸ் ஹைகோர்ட் 1998-ல் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் தீர்ப்பு சொல்லியிருக்கு. வாரம் 6 நாளுக்குக் குறைவாக இயங்கும் நிறுவனத்துக்கு அது 190 நாள். சில நிறுவனங்கள் முழு 5 வருஷம்தான்னு அடம் பிடிக்கும், அப்போ இந்தத் தீர்ப்பைக் காட்டலாம். நீங்க 4 வருஷம் 5 மாசத்தில் இருந்தா, பயந்து போடுற ஒரு மெயிலால லட்ச ரூபாய் போகலாம். சேர்ந்த தேதியை முதல்ல பாருங்க.

2. பி.எஃப்.-ஐ உடைக்காதீங்க. 2025 அக்டோபரில் இபிஎஃப்ஓ வாரியம் எடுத்த முடிவுப்படி, வேலை போனா 75 சதவீதம் வரை உடனே எடுக்கலாம். மீதி 25 சதவீதத்துக்கு 12 மாசம் வேலையில்லாம இருக்கணும். எடுக்க முடியும் என்பதாலேயே எடுக்க வேண்டியதில்லை. 5 வருஷத் தொடர் சேவை முடியறதுக்கு முன்னாடி எடுத்தா பொதுவா வரி உண்டு. நிறுவனம் மூடப்பட்டது மாதிரி, உங்க கையை மீறின காரணத்தால வேலை போயிருந்தா அந்த வரி கிடையாது. பழைய கம்பெனி பி.எஃப்.-ஐ மாற்றியிருந்தா அந்த வருஷங்களும் கணக்கில் சேரும். அதனால இன்னும் மாற்றாத கணக்கு இருந்தா இந்த வாரமே மாற்றிடுங்க.

3. "வேலை இருக்கும்போதே வாங்கிடலாம்"னு பெர்சனல் லோன் எடுக்காதீங்க. சம்பளச் சீட்டு இருக்கிறதால பேங்க் கொடுக்கும். ஆனா அந்த இஎம்ஐ உங்க 45,000-ஐ 55,000 ஆக்கிடும். 4 மாசம் தாங்கினவர் 3 மாசம் 8 நாள்தான் தாங்குவார். நிஜமாவே அவசரம்னா பெர்சனல் லோனை விட நகைக்கடன் வட்டி பெரும்பாலும் குறைவு. கிரெடிட் கார்டு பாக்கியைச் சுழற்றி விடுறது மட்டும் வேண்டவே வேண்டாம்.

4. இன்சூரன்ஸை நிறுத்தாதீங்க. கம்பெனி கொடுக்கிற குரூப் மெடிக்கல் இன்சூரன்ஸ் பெரும்பாலும் கடைசி வேலை நாளோட முடிஞ்சிடும். சொந்த பாலிசி இல்லாதவங்க இப்பவே எடுங்க, ஆரம்பக் காத்திருப்புக் காலம் 30 நாள் உண்டு. தனிநபர் மெடிக்கல், ஆயுள் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை. குரூப் பாலிசியில இருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறுற வழியும் இருக்கு. அதை வெளியே வர்றதுக்கு முன்னாடியே கேட்கணும்.

5. எல்லா முட்டையும் ஒரே கூடையில இருக்கான்னு பார்க்காம விடாதீங்க. சம்பளம் ஒரு கம்பெனி, சேமிப்பு அதே கம்பெனி ஷேர், வாடகைக்கு விட்டிருக்கிற வீட்டில் குடியிருப்பவரும் அதே கம்பெனி ஊழியர்னா, ஒரே செய்தியில் மூணும் ஆடும். பெரிய ஆலை ஒண்ணு மூடினா அதை நம்பியிருக்கிற மெஸ், டீக்கடை, வேன், வாடகை வீடு எல்லாத்துக்கும்தான் அடி. கம்பெனி ஷேர் விற்கக் கூடியதா இருந்தா, ஒரு பகுதியை வைப்பு நிதிக்கு மாத்துங்க.

எச்.ஆர். கூப்பிட்டா

வதந்தி உண்மையாகி ஒரு மீட்டிங் அறைக்குக் கூப்பிடுறாங்கன்னு வைங்க. "இப்பவே ராஜினாமா கொடுத்துடுங்க, இல்லைன்னா டெர்மினேஷன்"னு அழுத்தம் வரலாம். அந்த அறையிலேயே எதிலும் கையெழுத்துப் போடாதீங்க. "மெயில்ல அனுப்புங்க, படிச்சிட்டுச் சொல்றேன்" என்பது மரியாதையான பதில்தான்.

எழுத்தில் கேட்க வேண்டியவை: கடைசி வேலை நாள், நோட்டீஸ் காலச் சம்பளம், இழப்பீடு, பணிக்கொடை, விடுப்புப் பணம், மெடிக்கல் இன்சூரன்ஸ் முடியும் தேதி, ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்றிதழ். சேரும்போது வாங்கின போனஸைத் திருப்பிக் கேட்பாங்களான்னும் கேளுங்க.

சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு இல்லை. ஆட்குறைப்பு இழப்பீடு "தொழிலாளி" என்ற வரையறைக்குள் வருபவர்களுக்குத்தான். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் அதில் வர மாட்டார்கள். பதவிப் பெயர் மட்டும் இதைத் தீர்மானிக்காது, நீங்க உண்மையில் செய்யும் வேலைதான் முக்கியம். சந்தேகம் இருந்தா ஒரு தொழிலாளர் சட்ட வக்கீலைப் பாருங்க, அந்த ஃபீஸ் வீண் போகாது. 2015 ஜனவரியில் டிசிஎஸ் பணிநீக்கத்தை எதிர்த்து கர்ப்பிணி ஊழியர் ஒருவர் மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போனார். இடைக்காலத் தடை கிடைத்தது, நிறுவனம் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது.

2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நீக்கினாலும் சரி, ராஜினாமா செய்தாலும் சரி, பாக்கி ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் தரணும். பணிக்கொடைக்கு 30 நாள்.

கைக்கு வர்ற பணத்துக்கு வரி எவ்வளவு?

- பணிக்கொடை: தனியார் ஊழியருக்கு வாழ்நாளில் 20 லட்சம் வரை, விதிமுறைக் கணக்குக்கு உட்பட்டு வரி இல்லை.
- விடுப்புப் பணம்: வேலையை விட்டு வரும்போது வாங்கினால் 25 லட்சம் வரை, இதுவும் கணக்குக்கு உட்பட்டு வரி இல்லை.
- விருப்ப ஓய்வுத் தொகை: 5 லட்சம் வரை விலக்கு. ஆனா 10 வருஷ சேவை அல்லது 40 வயது முடிந்திருக்கணும், திட்டமும் விதிகளுக்குப் பொருந்தணும். நம்ம உதாரண நபருக்கு இது கிடைக்காது.
- தொழிலாளிக்கான ஆட்குறைப்பு இழப்பீடு: சட்டக் கணக்குப்படி, அதிகபட்சம் 5 லட்சம் வரை விலக்கு.
- மற்ற இழப்பீடு, நோட்டீஸ் சம்பளம்: சம்பளம் மாதிரியே வரிக்கு உட்பட்டது.

"வரிக்கு உட்பட்டது"ன்னா உடனே 30 சதவீதம் போயிடும்னு பயப்படாதீங்க. புதிய வரி முறையில் சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வரி இல்லை. வருடச் சம்பளம் 15 லட்சம் வாங்குற ஒருத்தருக்கு முழு வருஷ வரி 97,500. செப்டம்பர் கடைசியில் வேலை போச்சுன்னா, அதுவரை சுமார் பாதி, அதாவது 48,750 பிடிச்சிருப்பாங்க. ஆறு மாசச் சம்பளம் 7.5 லட்சம், இழப்பீடு 3 லட்சம், மொத்தம் 10.5 லட்சம். வேற வருமானம் இல்லைன்னா வரி பூஜ்யம். பிடிச்ச பணம் ரிட்டர்ன் தாக்கல் செஞ்சா திரும்ப வரும். நடுவில் புது வேலை கிடைச்சா, பழைய கம்பெனி வருமானத்தையும் புது கம்பெனிக்கு மறைக்காமச் சொல்லிடுங்க. இல்லைன்னா மார்ச்ல ஒரே அடியா வரி நிக்கும்.

இஎம்ஐ கட்ட முடியலைன்னா

தவணை தவறின பிறகு பேங்குக்குப் போறதை விட, தவறப் போகுதுன்னு தெரிஞ்சதும் போறது மேல். 90 நாளுக்கு மேல பாக்கி நின்னா வாராக்கடன் ஆயிடும். அதுக்கு முன்னாடியே தவணைக் காலத்தை நீட்டிக்கக் கேட்கலாம். வட்டி கூடும்தான், ஆனா உங்க மாதச் செலவு குறையும். கிரெடிட் ஸ்கோரும் தப்பிக்கும்.

வீட்ல சொல்லலாமா?

சொல்லுங்க. ஆனா வதந்தியைச் சொல்லாதீங்க, கணக்கைச் சொல்லுங்க. "கம்பெனில பிரச்சனை"ன்னா அம்மாவுக்குத் தூக்கம் போகும். "ஒருவேளை வேலை போனாலும் 6 மாசம் சமாளிக்கலாம், அதுக்காக இந்தத் தீபாவளிக்குச் செலவைக் கொஞ்சம் குறைச்சுக்கலாம்"னு சொன்னா அவங்களும் உங்க பக்கம் நின்னு யோசிப்பாங்க. மறைச்சு வச்சு, காலையில பேக் எடுத்துட்டு ஆபீஸ் போற மாதிரி கிளம்புற நிலைமைக்கு யாரும் வரக் கூடாது.

இந்த சனிக்கிழமை செய்ய வேண்டியது

1. மூணு மாச பேங்க் ஸ்டேட்மெண்ட் எடுத்து, சிக்கனச் செலவு எவ்வளவுன்னு எழுதுங்க.
2. கையிருப்பை அதால வகுத்து உங்க எண்ணைக் கண்டுபிடிங்க.
3. சேர்ந்த தேதி, நோட்டீஸ் காலம், இழப்பீட்டு விதி இருக்கிற ஆஃபர் லெட்டரைத் தேடி எடுங்க.
4. சம்பளச் சீட்டு, படிவம் 16, அப்ரைசல் லெட்டர் எல்லாம் உங்க சொந்த மெயிலில் இருக்கான்னு பாருங்க. உங்க சொந்த ஆவணங்கள் மட்டும், கம்பெனி ஃபைல் எதையும் தொட வேண்டாம்.
5. பி.எஃப். கணக்கில் கேஒய்சி, வங்கிக் கணக்கு, வாரிசு நியமனம் சரியா இருக்கான்னு பாருங்க.
6. ரெஸ்யூமேவைப் புதுப்பிச்சு, பழைய சகாக்கள் ரெண்டு பேருக்காவது போன் பண்ணுங்க.

வதந்தி பொய்யாப் போனா இதுல எதுவும் வீண் இல்லை, அவசர நிதி உங்ககிட்டயே இருக்கும். உண்மையானா, மத்தவங்க அதிர்ச்சியில இருக்கும்போது நீங்க அடுத்த வேலைக்கு போன் பண்ணிட்டு இருப்பீங்க.

இந்தக் கணக்கைப் போடுறதுக்கான எக்செல் ஷீட்டோட செய்முறை வீடியோ நம்ம சேனல்ல இருக்கு. உங்க எண் எத்தனை மாசம்னு கமெண்ட்ல எழுதுங்க. கம்பெனி பேர் வேண்டாம், எண் மட்டும் போதும். 2-க்குக் கீழே வந்தவங்களுக்காக அடுத்த பதிவில், செலவில் எதை முதலில் வெட்டுறது, எந்தக் கடனை முதலில் அடைக்கிறதுன்னு தனியா எழுதுறேன்.